சித்திரப் பாடத்தைப் பிள்ளை தெரிவுசெய்யலாமா?



தரம் 10இற்குச் செல்லும் பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்ய வேண்டும். கட்டாயப் பாடங்கள் ஆறு. மீதி மூன்றும் தொகுதிகளிலிருந்து வருபவை. அவற்றுள் அழகியல் தொகுதியில் சித்திரம் உண்டு. வரைவதில் ஆர்வமுள்ள பிள்ளையைக்கூட "உருவம் வரைவது கூடாதே" என்று சொல்லிச் சில வீடுகளில் தடுத்துவிடுகிறோம். இரண்டு வருடம் படிக்கவேண்டிய பாடம் இது. ஆகவே விசாரித்தறிந்து முடிவெடுப்பதே நல்லது.

மார்க்கத்தின் வழிகாட்டல்

உயிருள்ளவற்றின் உருவங்களை ஆக்குவதைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் உள்ளன. இதை நாம் இலேசாக எடுக்கக் கூடாது. அதேவேளை, படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்த செய்தியும் அவற்றிலேயே பதிவாகியுள்ளது. அந்தத் தொழிலை விட முடியாவிட்டால் மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள். ஆக, வரையும் கலை முழுவதும் மூடப்பட்ட கதவல்ல. தாளில் வரையும் உருவங்கள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், உங்கள் மஹல்லா உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நமது முன்னோர் இந்தத் துறையில் ஆழமாக உழைத்தவர்கள். அப்பாசிய ஆட்சியில் வஸீராக இருந்த இப்னு முக்லா (மறைவு 940) பேனை முனையால் இடும் புள்ளியை அளவாகக் கொண்டு அரபு எழுத்துகளுக்கு ஒழுங்கு வகுத்தார். ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களின் ஓடுகள் கேத்திரகணித வடிவங்களால் நிறைந்தவை. நம் நாட்டில் மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் நிறத்தையும் கோட்டையும் அறிந்த கைகளின் வேலைதான்.

வீட்டில் ஒரு பயிற்சி

கவராயம், அடிமட்டம், பென்சில் போதும்.

1. ஒரு வட்டம் வரைந்து, மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் இரு விட்டங்கள் வரையுங்கள்.
2. நடுவில் உண்டாகும் நான்கு செங்கோணங்களையும் கவராயத்தால் இருகூறிடுங்கள். வட்டத்தில் இப்போது எட்டுப் புள்ளிகள் கிடைக்கும்.
3. ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை இணையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரு சதுரங்கள் அமைந்து, எட்டுமுனை நட்சத்திரம் தோன்றும்.
4. அதே அளவு நட்சத்திரங்களை மேலும் கீழும் பக்கங்களிலும் முனையோடு முனை தொடுமாறு வரையுங்கள். இடைவெளிகள் தாமாகவே கூர்முனையுள்ள கூட்டல்குறி வடிவமாகும்.

13ஆம் நூற்றாண்டில் ஈரானின் காஷான் நகரில் இவ்விரு வடிவங்களிலும் ஓடுகள் செய்து சுவர்களில் பதித்தார்கள். கோணத்தை இருகூறிடுவது கணித பாடத்திலும் வரும் அமைப்பு. ஒரே பயிற்சியால் பிள்ளைக்கு இரண்டு பாடத்திலும் பலன் உண்டு.

எதிர்காலம்

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகிய பட்டப் படிப்புகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி வரையும் பழக்கம் அங்கே கைகொடுக்கும். ஆடை வடிவமைப்பு, அச்சுவேலை, விளம்பரப் பலகை, வீட்டு உள்ளலங்காரம் ஆகிய தொழில்களுக்கும் இந்தப் பழக்கம் தேவை. வீட்டிலிருந்தே உழைக்க விரும்பும் பெண்பிள்ளைகளுக்கு இது ஹலாலான வருமான வழியாகலாம்.

முடிவெடுக்குமுன்

பாட ஆசிரியரைச் சந்தியுங்கள். கடந்தகால வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள். பொருட்களைப் பார்த்து வரைதல், அலங்கார வடிவமைப்பு, சித்திர வரலாறு ஆகியவற்றுக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்று கேளுங்கள். உருவம் வரையாமல் எந்த வினாக்களைச் செய்யலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வர்ணம், தூரிகை வாங்கும் செலவையும் கணக்கிடுங்கள். கடைசியாக, பிள்ளையின் விருப்பத்தைப் பொறுமையோடு கேளுங்கள். திறமையும் அல்லாஹ் தந்த அமானிதம்தான். அதை நல்ல வழியில் வளர்ப்பது நம் பொறுப்பு.