லிஸ்பனில் மூன்று நாள்

கேள்வி: அப்பாவை லிஸ்பனுக்கு அழைத்துப் போகிறேன். மூன்றே நாள். எதை விடக் கூடாது?
– வாசகி, லூமுட்

பதில்: பெலேம் பகுதியை விடாதீர்கள், அம்மா. 15ஆம் எண் டிராம் போகும். அங்கே ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. திங்களன்று மடம் திறக்காது. நம் மொழி முதன்முதலில் அச்சேறியதும் இந்த லிஸ்பனில்தான், 1554இல். சின்ன ஜெபப் புத்தகம். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்திருந்தார்கள். நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஊர் முழுக்க மேடு பள்ளம். கல் பாவிய நடைபாதை மழையில் வழுக்கும். அப்பாவுக்கு ரப்பர் அடிச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். மாலையில் அக்கரையில் உள்ள காசில்யாஸுக்கு ஃபெரி ஏறுங்கள். லூமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரியில் பழகியவர் அல்லவா, தேஜோ ஆற்றின் நடுவிலிருந்து ஊரைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும்.