பழுது பார்க்கும் உரிமையும் நுகர்வோர் நலனும்

கைப்பேசியோ தொலைக்காட்சிப் பெட்டியோ வாங்கும் நுகர்வோர் உண்மையில் இரண்டு விலைகளை ஏற்றுக்கொள்கிறார். ஒன்று, கடையில் செலுத்தும் விலை. மற்றொன்று, அப்பொருளை அதன் ஆயுட்காலம் முழுவதும் இயங்கும் நிலையில் வைத்திருக்க ஆகும் செலவு. முதலாவதைப் பல கடைகளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, பொருள் பழுதடையும் நாளில்தான் தெரிய வருகிறது. இந்த மறைவிலையை வெளிக்கொணர்வதே பழுது பார்க்கும் உரிமையின் பொருளாதார அடிப்படையாகும்.

சிக்கலின் இயல்பு

பழுது நீக்க உதிரி பாகம், தொழில்நுட்பக் கையேடு, உரிய கருவி ஆகிய மூன்றும் தேவை. நம் நாட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை. தில்லியின் நேரு பிளேஸிலும் கரோல் பாகின் கஃபார் சந்தையிலும் இத்தொழிலை நம்பி வாழ்வோர் ஏராளம். ஆனால் மேற்கூறிய மூன்றும் பெரும்பாலும் உற்பத்தியாளர் வசமே உள்ளன. சில கருவிகளில் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில், அதே வகைக் கைப்பேசியிலிருந்து எடுத்த அசல் பாகத்தைப் பொருத்தினாலும் மென்பொருள் அதனை முழுமையாக ஏற்பதில்லை. எனவே கைப்பேசி விற்பனையில் கடும் போட்டி நிலவினும், அதன் உதிரி பாகச் சந்தையில் ஏகபோகம் நிலவக்கூடும்.

இந்திய அனுபவம்

இவ்வுண்மை முதலில் மோட்டார் வாகனத் துறையில் வெளிப்பட்டது. சுதந்திரமான பட்டறைகளுக்கு உதிரி பாகங்களும் கருவிகளும் கிடைக்காமல் செய்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் உற்பத்தியாளர்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அறிவுசார் சொத்துரிமையைக் காரணம் காட்டிய வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை.

2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவை முன்னுரிமைத் துறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று இதற்கான இணையவாசல் தொடங்கப்பட்டது. பின்னர் 2024 செப்டம்பரில் அமைக்கப்பட்ட மற்றொரு குழு, பழுதுபார்ப்புக் குறியீடு குறித்து 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. பிரித்தெடுக்கும் எளிமை, உதிரி பாகம் கிடைக்கும் காலம், மென்பொருள் மேம்பாடு முதலியவற்றுக்கு மதிப்பெண் வழங்கி, வாங்கும் இடத்திலேயே அதனை அறிவிப்பது இத்திட்டத்தின் நோக்கம்.

பிற நாடுகளில்

பிரான்சு 2021 ஜனவரி முதல் கைப்பேசி, மடிக்கணினி முதலியவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடச் செய்தது. உதிரி பாகங்களின் விலையும் அதில் கணக்கிடப்பட்டது. கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழு ஆண்டுகள் பாகங்களும் கையேடும் கிடைக்க வேண்டும் என்கிறது. ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டத்தின் மூலம் மென்பொருள் பூட்டையும் கட்டுப்படுத்தியது.

ஆட்சேபங்கள்

லித்தியம் மின்கலத்தைத் தவறாகக் கையாண்டால் தீப்பற்றும் என்பது மெய்யே. ஆயின் அதற்குத் தீர்வு கையேட்டை மறைப்பதன்று; பயிற்சியும் அசல் பாகமும் அளிப்பதே. பல ஆண்டுகளுக்குப் பாகங்களை இருப்பு வைத்தால் பொருளின் விலை ஓரளவு உயரலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் அது வாங்குமுன் கண்ணுக்குத் தெரியும் விலை. ஒப்பிட்டு முடிவு செய்யத்தக்க விலை.

முடிவுரை

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்குகளை விதித்துள்ளன. மறுசுழற்சியால் செம்பும் தங்கமும் மீளலாம். அப்பொருளை உருவாக்கச் செலவான உழைப்பும் ஆற்றலும் மீளா. பழுது பார்த்தல் அவற்றையும் காக்கிறது. அத்துடன் சிறு பட்டறைக்கு வேலையையும், எளிய குடும்பத்துக்குச் சேமிப்பையும் தருகிறது. ஆயினும் உற்பத்தியாளரே தம் பொருளுக்கு மதிப்பெண் இட்டுக்கொள்ளும் முறை, தக்க சரிபார்ப்பும் தவறுக்குத் தண்டனையும் இன்றிப் பயன் தராது. பாகத்தின் விலையும் அது கிடைக்கும் காலமும் வாங்கும் நாளிலேயே நுகர்வோருக்குத் தெரிய வேண்டும். அதுவரை இவ்வுரிமை பெயரளவிலேயே நிற்கும்.