நெட் கார்டு தெரியலையா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

"அக்கா, பழைய சிஸ்டத்துல நெட் கார்டே காட்டலை, புதுசு வாங்கிடவா?"ன்னு கேக்குற தம்பி, தங்கச்சிகளுக்கெல்லாம் என் பதில் ஒண்ணுதான். பர்ஸை முதல்ல உள்ளே வை.

நெட் வரலைங்கிறது வேற, கார்டு தெரியலைங்கிறது வேற. டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாரு. நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே கார்டு பேர் ஒழுங்கா இருந்தா அது மேல பழி போடாதே. வயரையும் ரூட்டரையும் பாரு. ஐபி நம்பர் 169.254-னு ஆரம்பிச்சா, ரூட்டர்கிட்ட இருந்து பதிலே வரலைன்னு அர்த்தம்.

பேர் இல்லாம, மஞ்சள் ஆச்சரியக்குறியோட 'ஈதர்நெட் கன்ட்ரோலர்'னு மொட்டையா நிக்குதா? அப்போ சிஸ்டத்துக்குக் கார்டு தெரியுது, டிரைவர்தான் இல்லை. ஃபார்மட் பண்ணின மறுநாள் வர்ற புலம்பல் பெரும்பாலும் இதுதான். அதுல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடின்னு போ. அங்கே வர்ற வரியில வென் (VEN) பக்கத்துல 10இசி-ன்னா ரியல்டெக், 8086-ன்னா இன்டெல். டெவ் (DEV) பக்கத்துல 8139 இருந்தா ரியல்டெக்கோட பழைய 100 எம்பிபிஎஸ் கார்டு, 8168 இருந்தா ஜிகாபிட். இதைக் குறிச்சுக்கிட்டா சரியான டிரைவரைத் தேடலாம். நெட் இல்லாம எப்படி டவுன்லோடுன்னு கேக்காதே. போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போடு, இல்லைன்னா வேற சிஸ்டத்துல இறக்கி பென் டிரைவ்ல கொண்டு வா. 'எல்லா டிரைவரும் இலவசம்'னு வர்ற சாஃப்ட்வேர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுங்க கூட்டிட்டு வர்ற விருந்தாளிங்களை விரட்டவே தனியா ஒரு நாள் ஆகும்.

டிவைஸ் மேனேஜர்ல தடயமே இல்லைன்னாதான் உண்மையான தலைவலி. அப்பவும் காசு செலவில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு. ஷட்டவுன் பண்ணினாலும் ப்ளக்குல கரண்ட் இருக்கிற வரைக்கும் போர்டுல இருக்கிற லேன் சிப்புக்கு அஞ்சு வோல்ட் ஸ்டாண்ட்பை லைன்ல இருந்து மின்சாரம் போய்க்கிட்டேதான் இருக்கும். அதனால சிப் ஒரு தடவை மக்கர் பண்ணி நின்னுட்டா, நீ எத்தனை ரீஸ்டார்ட் போட்டாலும் அசையாது. சிஸ்டத்தை அணைச்சு, பவர் கார்டையும் லேன் வயரையும் உருவிடு. யுபிஎஸ்ஸை அணைச்சா மட்டும் போதாது, பவர் கார்டையே உருவணும். பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மாட்டு. 'போர்டு போச்சு'ன்னு கடையில சொன்ன சிஸ்டம் சிலது இதுலயே எழுந்திருக்கு.

எழுந்திருக்கலையா? ஆன் பண்ணும்போது டெலிட்டோ எஃப் 2-வோ தட்டி பயாஸ்க்குள்ள போ. ஆன்போர்டு லேன்னு இருக்கிறது டிசேபிள்ல கிடந்தா எனேபிள் பண்ணி சேவ் பண்ணு. தேதி எங்கேயோ பழைய வருஷத்துல நின்னா, போர்டுல இருக்கிற சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துடுச்சு, மாத்திடு. தேதி தப்பா இருந்தா கார்டு நல்லா வேலை செஞ்சாலும் பல வெப்சைட் திறக்காது.

தனியா செருகுற கார்டுன்னா கழட்டி, தங்க நிறப் பல்லை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, துகளை ஊதிட்டு வேற ஸ்லாட்டுல மாட்டு. அதுக்கு முன்னாடி பவர் கார்டை உருவிட்டு, கேஸோட இரும்பை ஒரு தடவை தொட்டுக்கோ.

கடைசியா ஒரு பரீட்சை. லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணிப் பாரு, இன்ஸ்டால் எதுவும் பண்ண வேண்டாம். அதுல நெட் வந்தா கோளாறு விண்டோஸ்ல. அதுலயும் தெரியலை, வயரை மாட்டினா லைட்டும் எரியலைன்னா சிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இடி மின்னல் நாள்ல வயர் வழியா வந்த மின்சாரம் லேன் போர்ட்டை மட்டும் காவு வாங்குறது உண்டு.

அப்போ வாங்கலாம். யுஎஸ்பி லேன் அடாப்டரே போதும், கேஸைத் திறக்கிற வேலையே இல்லை. யுஎஸ்பி 2.0 போர்ட்ல ஜிகாபிட் வேகம் முழுசா வராது, ஆனா வீட்டு 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷனுக்குத் தாராளம். உன் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கான்னு மட்டும் பெட்டியில பார்த்து வாங்கு.

பழைய சிஸ்டத்துல இன்னும் விண்டோஸ் 7 ஓடுதுன்னா, நெட் வந்துடுச்சுன்னு அதுல பேங்க் வேலை பார்க்காதே. அதுக்கான சப்போர்ட் 2020 ஜனவரியிலேயே முடிஞ்சுபோச்சு.