எழுதிய கோட்டாவும் எழுதாத கோட்டாவும்

ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல். கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடாவில் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் கோட்டாவைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். அதன் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. கரையோரமாக, டொல்பின் பார்க்க வருகிறவர்களை நம்பி எழுந்த விடுதிகள். இவை போக ஆசிரியர், எழுதுவினைஞர், சிற்றூழியர் என்று அரசாங்க வெற்றிடங்கள். இவற்றில் யாரை எடுக்க வேண்டும், யாருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதில் ஊருக்குள் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. சில முழுப்பிழை, சில பாதி உண்மை.

நம்பிக்கை 1: "அரசாங்க உத்தியோகம் எல்லாம் கோட்டாப்படிதான். எங்கட பிள்ளைகளுக்குக் கிடைக்காததற்கு அதுதான் காரணம்."

உண்மை: இது பல்கலைக்கழக அனுமதியையும் ஆட்சேர்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிற எண்ணம். மாவட்டக் கோட்டா என்பது பல்கலைக்கழகத்துக்கு உரியது. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்றும் இடங்கள் பிரிக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் புத்தளமும் இருக்கிறது. ஆக, கோட்டாவால் இடம் பெறுகிறவர்களில் நம் பிள்ளைகளும் அடக்கம்.

உத்தியோகத்தில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 12(4) உறுப்புரை பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்ய இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரச துறை வெற்றிடங்களில் 3 வீதம் கொடுக்கச் சொல்லி 1988இல் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. தகைமை உள்ளவருக்குத்தான் அதுவும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு அலுவலகத்தில் பத்து வெற்றிடம் என்றால் அதில் 3 வீதம் 0.3 ஆள். எல்லா அலுவலகங்களின் வெற்றிடங்களையும் யாராவது ஒன்றுசேர்த்து எண்ணினாலொழிய, ஒவ்வோர் இடத்திலும் பூச்சியம்தான் விழும். இப்படிப்பட்ட ஒதுக்கீட்டால் யாருடைய வேலையும் பறிபோகவில்லை. கிடைக்க வேண்டியவருக்கும் அது சரிவரக் கிடைக்கவில்லை.

இன விகிதாசாரத்தையும் அரசாங்கம் முயன்று பார்த்தது. 1990இல் வந்த 15/90 இலக்கச் சுற்றறிக்கை அதற்கானது. சுங்கத் திணைக்களத்தில் பதவியுயர்வுக்கும் அதைப் பாவித்தபோது ஓர் அதிகாரி உயர் நீதிமன்றம் போனார். இராமுப்பிள்ளை எதிர் பெஸ்டஸ் பெரேரா என்று 1991ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் பதிவான அந்த வழக்கில், இனவிகிதப்படி பதவியுயர்வு கொடுப்பது சமத்துவ உரிமைக்கு முரண் என்று தீர்ப்பானது. வழக்காடியவர் தமிழர். சிறுபான்மைக்குப் பங்கு என்று எழுதப்படும் எண், அந்தச் சிறுபான்மையின் தலைக்கு மேல் கூரையாகவும் மாறலாம் என்பதற்கு அது சாட்சி.

தனியார் துறையில் இப்படி வழக்காட முடியாது. அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் செல்லும். கடற்கரை விடுதிக்காரர் உள்ளூர்ப் பையனை எடுக்கவில்லை என்று 12ஆம் உறுப்புரையைத் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போக வழியில்லை.

நம்பிக்கை 2: "கோட்டாவை ஒழித்துவிட்டால் தகுதிக்கு மரியாதை வந்துவிடும்."

உண்மை: கோட்டா இல்லாத காலத்திலும் இந்த நாட்டில் தகுதி ஒருநாளும் தனியாக ஆட்சி செய்ததில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், தமிழில் படித்தவருக்கு அரச சேவையின் வாசல் ஒடுங்கியது. அதைக் கோட்டா என்று யாரும் பெயரிடவில்லை. 1970களில் எம்.பி.யின் சிபாரிசுத் துண்டு இல்லாமல் வேலை இல்லை என்ற நிலை. 1977இல் ஆட்சி மாறியதும் 'வேலை வங்கி' என்ற திட்டத்தில் எம்.பி.மாரிடம் ஆளுக்கு 1,000 விண்ணப்பப் படிவம் கொடுக்கப்பட்டது. படிவம் கையில் இருந்தவரே விண்ணப்பிக்கலாம். இளைஞர் அமைதியின்மை பற்றி ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் தந்த அறிக்கை, அரசியல் தலையீட்டையும் ஆள் பார்த்து வேலை கொடுப்பதையும் இளைஞரின் கோபத்துக்கான முக்கிய காரணங்களாகக் காட்டியது.

தனியார் துறை இதற்கு விலக்கல்ல. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் போல் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகைமையுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களை விடத் தலித் பெயர்களுக்கு அழைப்புக் குறைவு. முஸ்லிம் பெயர்களுக்கு இன்னும் குறைவு. படிப்பு ஒன்றுதான், பெயர்தான் வேறு.

நம் கரையிலும் கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும். ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நிற்பவர் வெளியூர். கணக்குப் பார்ப்பவர் முதலாளியின் உறவு. படகு ஓட்டுபவர், தோட்டம் கூட்டுபவர், துணி வெளுப்பவர் உள்ளூர். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. ஆங்கிலம் யாருக்கு எங்கே படிக்கக் கிடைத்தது, முதலாளிக்கு யாரைத் தெரியும் என்பவை அந்த வேலையைச் செய்கின்றன. இதுவும் கோட்டாதான், எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

நம்பிக்கை 3: "கோட்டாவில் வந்தவர்களால் வேலை கெட்டுப்போகும்."

உண்மை: இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அஷ்வினி தேஷ்பாண்டேயும் தோமஸ் வைஸ்கொப்பும் இந்திய ரயில்வேயில் 1980 முதல் 2002 வரையான தரவுகளை எடுத்து, இட ஒதுக்கீட்டில் வந்த ஊழியர் விகிதம் கூடக்கூட உற்பத்தித்திறன் குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மேல்நிலைப் பதவிகளில் சில அளவீடுகளின்படி சற்றுக் கூடியிருந்தது.

ஆனாலும் இந்த அச்சம் முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. ஆளை எடுத்துவிட்டுப் பயிற்சியை மறந்தால் வேலை கெடத்தான் செய்யும். மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு என்று 2014-15 காலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். நோக்கம் மிக நல்லது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்திலிருந்தே ஆசிரியர். கொடுத்ததோ மாதம் 6,000 ரூபா. நிரந்தர நியமனமும் பயிற்சியும் இழுபட்டன. அந்த ஆசிரியர் தடுமாறினால் 'கோட்டாவில் வந்தவர்' என்ற பழி அவர் தலையில் விழும். ஒதுக்கீட்டைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்தப் பழி போவதில்லை.

நம்பிக்கை 4: "தரப்படுத்தலும் இட ஒதுக்கீடும் ஒன்றுதான், தமிழ் பேசுகிறவர்களுக்கு எதிரானதுதான்."

உண்மை: தரப்படுத்தல் என்று பேசப்படும் 1970-71 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு வெட்டுப்புள்ளி 229, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. மொழியைப் பார்த்துப் போட்ட கோடு அது. வறிய தமிழ்ப் பிள்ளையும் வசதியான தமிழ்ப் பிள்ளையும் ஒரே தண்டனையைப் பெற்றார்கள். அது ஏற்படுத்திய காயத்தின் கதை எல்லோருக்கும் தெரியும்.

1974இல் வந்த மாவட்டக் கோட்டாவின் அளவுகோல் வேறு. அது யாழ்ப்பாண மாவட்டத்து இடங்களைக் குறைத்தது உண்மை. அதேவேளை மன்னார், மட்டக்களப்பு, அம்பாறை போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே மூட்டையாகக் கட்டினால், எது அநீதி, எது பரிகாரம் என்று பிரித்தறிய முடியாமல் போகும். எதை வைத்து ஒதுக்குகிறார்கள் என்பதே முதல் கேள்வி.

நம்பிக்கை 5: "வடக்கிலிருந்து வந்தவர்கள் எங்கட பங்கை எடுத்துவிட்டார்கள்."

உண்மை: ஆலங்குடாவில் அதிகம் மனம் நோகிற இடம் இது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணிநேரம். ஏறத்தாழ 75,000 பேர் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். ஆலங்குடாவைச் சுற்றியும் ஓலைக் குடிசை முகாம்கள் எழுந்தன. சோறு போட்டதும் காணி கொடுத்ததும் இந்த ஊரார்தான்.

ஊராரின் முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு ஆள் பெருகியதும் கூலி இறங்கியது. நட்டப்பட்டது தோட்டக்காரர் அல்ல, உள்ளூர்க் கூலித் தொழிலாளி. வகுப்பறைகள் நிரம்பின. நிவாரணப் பங்கீடு வந்தவருக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஏழைக்குக் கிடைக்கவில்லை. வந்தவர்களின் முறைப்பாட்டிலும் உண்மை இருக்கிறது. நெடுங்காலம் பலரின் வாக்குரிமை வடக்கில், வாழ்க்கை இங்கே. சிபாரிசு கேட்க இங்கே எம்.பி. இல்லை, அங்கே போய்க் கேட்க ஆளில்லை. எழுதாத கோட்டாவில் இவர்களுக்கு எந்தப் பக்கமும் பெயர் விழவில்லை.

இந்தச் சச்சரவு இன விகிதாசாரத்தின் கண்ணில் படவே படாது. இருதரப்பும் முஸ்லிம்கள், இருதரப்பின் மொழியும் தமிழ். மாவட்டக் கோட்டாவின் கண்ணிலும் படாது. அது இருவரையும் 'புத்தளம்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மோதவிடும். முஸ்லிம்களுக்கு இத்தனை இடம் என்று நாளைக்கே அறிவித்தாலும், யார் வீட்டுப் பிள்ளை அதில் போகும் என்ற சண்டை அப்படியே இருக்கும். தமிழ்நாடு இதே சிக்கலை வேறு வடிவில் சந்தித்தது. தாழ்த்தப்பட்டோருக்கான 18 வீதத்தில் அருந்ததியருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கண்டு, 2009இல் அவர்களுக்கு 3 வீதம் உள் ஒதுக்கீடு செய்தது. இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. குழுவுக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வைப் பாராத ஒதுக்கீடு, அந்தக் குழுவின் வசதியான வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

நம்பிக்கை 6: "ஒருமுறை கொடுத்தால் பிறகு ஒருநாளும் எடுக்க முடியாது."

உண்மை: பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. மலேசியாவின் புதிய பொருளாதாரக் கொள்கை 1971இல் இருபது ஆண்டு இலக்கோடு தொடங்கியது. பூமிபுத்திரர் எனப்படும் மலாயருக்கும் பூர்வகுடிகளுக்குமான சலுகைகள் 1990க்குப் பிறகும் நின்றபாடில்லை. அந்தப் பட்டியலில் இல்லாத அந்த நாட்டுத் தமிழர் அதன் பாதிப்பைத் தினமும் உணர்கிறார்கள்.

மறுபக்கம் வட அயர்லாந்து. அங்கே பொலிஸில் கத்தோலிக்கர் ஏறத்தாழ 8 வீதம்தான் இருந்தார்கள். 2001 முதல் ஒரு முறை வைத்தார்கள்: விண்ணப்பித்தவர் எல்லாரும் முதலில் ஒரே தேர்வில் தேற வேண்டும், தேறியவர்களிலிருந்து கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்று எடுக்க வேண்டும். 2011இல் கத்தோலிக்கர் பங்கு 30 வீதத்தை நெருங்கியதும் அந்த முறையை நிறுத்தினார்கள். தேறியும் இடம் கிடைக்காத புரட்டஸ்தாந்து இளைஞர்கள் இருந்தார்கள். அந்த விலையை யாரும் மறைக்கவில்லை. ஆனால் தேர்வு ஒன்று, இலக்கு ஒன்று, முடிவும் ஒன்று என்று எல்லாமே எழுத்தில் இருந்தன.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒதுக்கீட்டின் நன்மை, அடைத்துக் கிடந்த வாசலைத் திறப்பது. அதன் தீமைகள் மூன்று: தப்பான அளவுகோலை எடுத்தால் தப்பான ஆளுக்குப் போகும், பயிற்சி இல்லாவிட்டால் வந்தவரையே அவமானப்படுத்தும், முடிவு குறிக்காவிட்டால் பரம்பரைச் சொத்தாகும். இம்மூன்றும் கண்ணுக்குத் தெரிகிற குறைகள். வழக்குப் போடலாம், திருத்தலாம், நிறுத்தலாம். சிபாரிசுக் கோட்டாவுக்கு இதே மூன்று குறையும் உண்டு. அதை எதிர்த்து நீதிமன்றம் போகத்தான் காகிதம் இல்லை.

காகிதத்தை வரவழைக்க ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அரசுடைமையான மின்நிலையத்துக்கும் எழுதிக் கேட்க வேண்டியவை இவைதான்: கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பேரை எடுத்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் கற்பிட்டிப் பிரதேசத்தவர், எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் மாற்றுத்திறனாளிகள்? போட்டிப் பரீட்சை வழியாக எத்தனை பேர், அது இல்லாமல் எத்தனை பேர்? பள்ளிவாசல் நிர்வாகமோ, மீனவர் சங்கமோ, ஒரு தனி ஆளோ இதை எழுதலாம். கோட்டா வேண்டுமா வேண்டாமா என்று சண்டை பிடிப்பதை அந்தப் பதில் கைக்கு வந்தபின் வைத்துக்கொள்வோம்.