யாளி உயிரோடு இருந்ததா? நூல்களை எடைபோடும் ஒரு வகுப்பு

ஒன்பதாம் வகுப்பு வாசிப்பு நேரத்துக்கு, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு புத்தகத்தைக் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் மூன்றைத் தனியே எடுத்து வைத்தேன். ஒன்று, டிராகன்களை வரவழைக்கும் மந்திரங்கள் அடங்கிய வண்ணப்படச் சிறுவர் நூல். இன்னொன்று, யாளி என்ற விலங்கு தமிழ்நாட்டுக் காடுகளில் உண்மையாகவே வாழ்ந்தது என்று வாதிடும் நூல். மூன்றாவது, பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் நாக மந்திரச் சிறுபுத்தகம். எதை நம்பலாம் என்று கேட்டேன். டிராகனை ஒரு நொடியில் தள்ளிவிட்டார்கள். யாளியைத் தள்ள யாருக்கும் மனம் வரவில்லை. "கோயில்ல இருக்கே மிஸ்!" என்றாள் ஒரு மாணவி.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு யாளி வெளியூர்ச் சரக்கு அல்ல. கோயில் தூணில் நிற்கிறது, அப்பா நெய்யும் சேலையின் கரையில் ஓடுகிறது. அதனால் "அது கற்பனை" என்று நான் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. அந்த நூல் காட்டும் சான்றுகளையே எடுத்துப் பார்ப்போம் என்றேன். அவை இரண்டு: சங்க இலக்கியம், கோயில் சிற்பம்.

சங்கப் பாடலுக்கு நம் ஊரை விட்டு நகர வேண்டியதில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் யாளி வருகிறது. மூங்கில் வளர்ந்த மலைச்சரிவில் யாளி தாக்க, யானைக் கூட்டம் ஒன்றாகப் பிளிறுகிறது. கரும்பு ஆலையின் ஓயாத இரைச்சலுக்குப் புலவர் சொல்லும் உவமை இது. பாடலை வாசித்தபின் "யாளியின் உருவம் எப்படி இருக்கிறதாம்?" என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் உருவமே சொல்லப்படவில்லை என்றார்கள். பாடலைக் கேட்டவர்களுக்கு யாளி என்ற பெயரும் அதன் மீதான அச்சமும் தெரிந்திருந்தன என்பது வரைக்கும் இந்தப் பாடல் சாட்சி. அதற்கு மேல் நூலாசிரியர் வரைந்த பல்லும் நகமும் அவருடையவை. ஆளி, யாளி என்ற சொற்களுக்குச் சிங்கம் என்ற பொருளும் அகராதியில் உண்டு. இதை அந்த நூல் சொல்லவே இல்லை. தனக்கு வசதியில்லாத சான்றை ஒரு நூல் என்ன செய்கிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை.

அடுத்து சிற்பம். கைலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. அங்கே தூணடிகளில் எழுந்து நிற்பவை பெரும்பாலும் சிங்க முகத்தவை. வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் விசயநகரக் காலத்தது. அங்கே யாளி வீரனைச் சுமக்கும் வாகனமாகிவிட்டது. விசயநகர, நாயக்கர் காலத் தூண்கள் பலவற்றில் துதிக்கையும் தந்தமும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு கோயில்களின் படங்களையும் அருகருகே ஒட்டி வைத்தேன். உயிருள்ள ஒரு விலங்கைப் பார்த்துச் செதுக்கியிருந்தால் உருவம் இப்படி மாறிக்கொண்டே போகுமா? யானைச் சிற்பத்தில் நூற்றாண்டுக்கு ஓர் உறுப்பு கூடவில்லையே!

அப்போது ஒரு நெசவாளர் மகள் சொன்னது நான் திட்டமிடாதது. "அப்பா கிராப் தாள்ல யாளி போடும்போது காலைச் சுருக்கிடுவாரு மிஸ். கரை அகலத்துக்குள்ள அடங்கணும்ல. வாலைச் சுருட்டி இடத்தை நிரப்புவாரு." தூணுக்கேற்ற யாளி, கரைக்கேற்ற யாளி. கலைஞனின் கை அந்த உருவத்தை எப்படி ஆக்குகிறது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

டைனோசரைப் பார்த்துத்தான் யாளி செய்தார்கள் என்றும் அந்த நூலில் ஒரு பக்கம் இருக்கிறது. டைனோசர்கள் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்தின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். இதைக் கரும்பலகையில் எழுதியதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

அப்படியானால் நம்பத்தகுந்த நூல் எப்படி இருக்கும்? கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். கல்வெட்டு எங்கே இருக்கிறது, எழுத்து என்ன, தன் மொழிபெயர்ப்பு என்ன என்று தனித்தனியே தருகிறார். அவர் சொன்னது தவறென்றால் நாமே போய்ப் பார்த்துத் திருத்தலாம். இப்படிச் சரிபார்க்க வழிவிடும் நூலுக்கே என் மதிப்பெண். இதைப் பழக்க எளிய வேலை ஒன்று கொடுத்தேன்: நூற்றுக்கால் மண்டபத்தின் தூண்களை எண்ணி வாருங்கள். 96 என்று வந்து நின்றார்கள். பெயர் வேறு, கணக்கு வேறு!

புராணங்களைப் பொய் நூல் என்று ஒதுக்க நான் விடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் பாடிய காஞ்சிப் புராணம், இந்த ஊரை மக்கள் எப்படி வணங்கினார்கள், நினைத்தார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம். ஒரு கோயில் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்ற கேள்வியோடு அதனிடம் போனால் பிழை நம்முடையது.

மூன்றாவது புத்தகத்தில் என் குரல் மாறியது. பாம்பு கடித்தால் ஓத வேண்டிய மந்திரம் அதில் இருந்தது. "எங்க தாத்தா இத ஓதிப் பொழைக்க வச்சிருக்காரு" என்றான் கொண்டுவந்த மாணவன். அவன் தாத்தா பொய் சொல்லவில்லை. கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சில்லாதவை. நச்சுப்பாம்பும் சில கடிகளில் நஞ்சைச் செலுத்துவதில்லை. அவர்கள் எப்படியும் பிழைத்திருப்பார்கள், பெயர் மந்திரத்துக்குப் போய்விடுகிறது. பிழைக்காதவர்களின் கணக்கை அந்தப் புத்தகம் எழுதுவதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர்.

நஞ்சுமுறிவு மருந்தின் கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்து தயாரிப்போருக்குக் கொடுக்கிறார்கள். பாம்பைத் தலைமுறைகளாக அறிந்தவர்களின் அறிவும் ஆய்வகமும் சேர்ந்த மருந்து அது. அந்த மாணவனிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பிடுங்கி வைக்கவில்லை. வீட்டில் யாரையாவது பாம்பு கடித்தால் முதலில் 108, பிறகு தாத்தா விரும்பினால் மந்திரம், வண்டியில் போகும்போது ஓதட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இதற்கு எனக்கு மூன்று பாடவேளைகளும் ஒரு சனிக்கிழமையும் ஆயின. யாளி இல்லாத ஊர்களில் புதையல் காக்கும் நாகம், கோட்டைச் சுரங்கப்பாதை, ஊர்ப்பெயர்க் கதை என ஏதாவது ஒரு புத்தகமோ துண்டுப்பிரசுரமோ நிச்சயம் இருக்கும். அதை மாணவர்களே கொண்டுவரட்டும். நாம் தேர்ந்து கொடுத்தால் "டீச்சர் கொடுத்தது, எப்படியும் தப்பாத்தான் இருக்கும்" என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.