ஏறுவதும் இறங்குவதும்

வீட்டில் கழிக்கும் காகிதமும் கண்ணாடியும் உலோகமும் மீண்டும் பொருளாவதைப் பற்றிப் பேசும்போது, ஏதேனும் ஒரு சதவிகிதத்தைச் சொல்லி, அதைக்கொண்டே ஒரு தேசத்தின் ஒழுக்கத்தை அளந்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. 1960 முதலான கணக்கைத் தொகுத்து வெளியிட்ட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் புள்ளிவிவரங்களைப் பொறுமையுடன் நோக்கினால், நிச்சயமென்று நாம் எண்ணிய அபிப்பிராயங்கள் சில நிலைகொள்ளாமற் போவதைக் காணலாம்.

நம்பிக்கை: ஆண்டுகள் செல்லச் செல்ல மறுசுழற்சி விகிதம் உயர்ந்துகொண்டே போகும்.

உண்மை: எருவாக்கியதையும் சேர்த்து, 1960-இல் சுமார் 6 சதவிகிதமாக இருந்த மொத்த விகிதம் 1990-இல் 16 ஆகி, 2017-இல் 35-ஐ எட்டியது மெய்யே. ஆனால் தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் இருபதில் ஒரு பங்கே செலவிட்டு உருக்கிவிடத்தக்கதும், எத்தனை முறை உருக்கினாலும் குணம் குன்றாததுமான அலுமினிய பான கேன், 1990-இல் நூற்றுக்கு 64 என்ற அளவில் திரும்பி வந்தது, 2000-இல் 55 ஆகவும் 2018-இல் 50 ஆகவும் இறங்கிவிட்டது. மொத்தம் ஏறியபோதே, அதற்குள் அடங்கிய உத்தமமான வஸ்து ஒன்று பின்வாங்கியிருக்கிறது.

நம்பிக்கை: மக்களுக்குச் சிரத்தை இருந்தால் எல்லாப் பொருளும் ஒன்றுபோலவே திரும்பி வரும்.

உண்மை: அதே 2018-இல், அதே மக்களிடமிருந்து, அட்டைப்பெட்டி 96 சதவிகிதமும், கண்ணாடிப் புட்டி 31 சதவிகிதமும், பிளாஸ்டிக் 9-க்கும் குறைவாகவும் மீண்டன. அட்டை, கடைகளின் பின்கட்டில் வேறெதுவும் கலவாமல் குவிந்து, கட்டாகக் கட்டப்பட்டு ஆலைக்குப் போகிறது. கண்ணாடியோ எல்லாவற்றோடும் ஒரே தொட்டியில் விழுந்து, லாரியில் நொறுங்கி, அதன் சில்லுகள் காகிதத்தில் பதிந்து, தானும் கெட்டுக் காகிதத்தையும் கெடுக்கிறது.

நம்பிக்கை: அடியில் முக்கோண அம்புக்குறி உள்ள பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கு உரியது.

உண்மை: முக்கோணத்துள் இருக்கும் எண், அது எவ்வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே குறிக்கும். 1988-இல் வந்த அந்த அடையாளம், அதனை வாங்கி உருக்க ஆள் உண்டு என்பதற்கு உத்தரவாதமன்று.

நம்பிக்கை: விகிதம் குறைந்தால் ஜனங்கள் அலட்சியமாகிவிட்டார்கள் என்று பொருள்.

உண்மை: 2017-இல் 35 ஆக இருந்த மொத்த விகிதம் மறு ஆண்டில் 32 ஆனபோது, வீணாகும் உணவு போய்ச்சேரும் வழிகளுள் முன்பு கணக்கில் வராதவை சிலவற்றையும் முகமை புதிதாகச் சேர்த்திருந்தது, அதனால் குப்பையின் மொத்தம் பெருகிற்று. வகுக்கும் எண் பெருத்தால் ஈவு சிறுக்கும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த கணக்கு.

நம்பிக்கை: ஒருமுறை இறங்கிய விகிதத்தை மீண்டும் ஏற்றுவது இயலாத காரியம்.

உண்மை: ஆரெகன் மாநிலம் 1971-இல் சட்டமியற்றி, பானப் புட்டிக்கும் கேனுக்கும் 5 சென்ட் வைப்புத்தொகை விதித்து, வெற்றுக்கலத்தைத் திருப்பித் தருவோருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. விலைவாசியெல்லாம் உயர்ந்தும் அந்த 5 சென்ட் உயராமலே நின்றதால், 2016-இல் நூற்றுக்கு 64 கலங்களே திரும்பி வந்தன. 2017 ஏப்ரலில் தொகை 10 சென்ட் ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் விகிதம் 80-ஐத் தாண்டியது. இடையில் மக்களின் சுபாவம் மாறிவிடவில்லை. வெற்றுப் புட்டியின் மதிப்புத்தான் மாறியது. ஆகவே, குறைந்த விகிதத்தைக் கண்டு மனிதரை நிந்திப்பதற்கு முன், அவர்கள் கையிலுள்ள பொருளுக்கு நாம் என்ன மதிப்பு வைத்திருக்கிறோம் என்று ஆராய்வதே நியாயம். இழந்த விகிதத்தை மீட்கும் மார்க்கமும் அதுவே.