கணையா, கலமா?



காட்டுப்பள்ளியில் வாழும் எங்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா அயலூர் அன்று. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலுள்ள அத்தீவிலிருந்து ராக்கெட் எழும்பும்போது, எங்கள் கரையில் நின்றே வடக்கு வானில் அதன் நெருப்பைக் காணலாம். அன்று அப்பக்கம் மீன்பிடிக்கச் செல்லக் கூடாது என்ற அறிவிப்பும் வரும்.

அத்தகைய ஒரு நாளில் எங்களுள் ஒருத்தி, "இன்று ஏவுகணை விடுகிறார்கள்" என்றாள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆயா, "யார் மேல விடுறாங்க கண்ணு? நம்ம படகெல்லாம் கரைக்கு வந்துடுச்சா?" என்று பதறினார். உடனே எங்களுக்குள் வாதம் மூண்டது. "ராக்கெட் என்றால் ஏவுகணைதானே?" என்றனர் சிலர். "இல்லவே இல்லை" என்றனர் மற்றவர்.

இரண்டுமே வாயுவைப் பின்னோக்கி உமிழ்ந்து முன்னே செல்பவை. நியூட்டனின் மூன்றாம் விதியே இரண்டுக்கும் அடிப்படை. ஆகவே ராக்கெட் என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் நோக்கம் வேறு. கணை என்பது அம்பு. இலக்கைத் தாக்கவே ஏவப்படுவது. 1989 மே 22 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரில் சோதிக்கப்பட்ட அக்னி, ஏவுகணை. கலம் என்பதோ சுமை ஏற்றிச் செல்வது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி.-3, 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற எல்.வி.எம்.-3 ஆகியவை ஏவுகலங்கள்.

மரக்கலம் என்ற சொல் கடலோர மக்களாகிய நமக்குப் புதிதா என்ன? "அது அம்பு இல்லை ஆயா, வானத்துக்குப் போற படகு" என்றோம். அவர் முகம் தெளிந்தது.

சொல் தவறினால் மதிப்பெண்தான் குறையும் என எண்ணியிருந்தோம். ஒருவர் நெஞ்சமும் நடுங்கும் என்பதை அன்று கற்றோம்.